மூக்கின் வேலையை இனி வீடு செய்ய வேண்டும்

புற்றுநோய்க்காகக் குரல்வளையை முழுதாக எடுத்தவரை வீட்டுக்கு அழைத்து வந்ததும், பார்க்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி: "கழுத்துல இருக்கிற ஓட்டை எப்ப மூடும்?" அது மூடாது, மூடவும் கூடாது. வீட்டில் ஒவ்வொருவருக்கும் இது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

குழப்பத்துக்குக் காரணம் ட்ரெக்கியாஸ்டமி. அதில் மூச்சுக்குழாயில் ஒரு துளை போட்டுக் குழாய் வைக்கிறார்கள். மூக்கு, வாய் வழியாக நுரையீரலுக்குப் போகும் பாதை அப்படியே இருக்கிறது. தேவை முடிந்து குழாயை எடுத்தால் பெரும்பாலும் துளை தானாகச் சுருங்கி மூடிவிடும். குரல்வளையை முழுதாக அகற்றும்போது நடப்பதே வேறு. மூச்சுக்குழாயின் மேல்முனையை முன்பக்கமாகத் திருப்பிக் கழுத்துத் தோலோடு வைத்துத் தைத்துவிடுகிறார்கள். வாய் இனி உணவுக்குழாய்க்கு மட்டும்தான் வாசல். மூக்கைப் பொத்தினாலும் அவருக்கு ஒன்றும் ஆகாது. கழுத்துத் துளை அடைத்தால் மூச்சு நின்றுவிடும்.

மூக்கு செய்துவந்த வேலையை அது போன பிறகுதான் கவனிக்கிறோம். வெளிக்காற்றை வடிகட்டி, உடல் சூட்டை நெருங்கும் வரை சூடாக்கி, ஈரமாக்கி அனுப்பியது அதுதான். இப்போது அறைக்காற்று நேராக மூச்சுக்குழாய்க்குள் விழுகிறது. முதல் சில வாரங்களில் சளி பெருகுவதும் இருமல் ஓயாததும் அதனால்தான். சளி அதிகமாக இருப்பதைவிட அது காய்வதுதான் ஆபத்து. காய்ந்த சளி பொருக்காகி, பொருக்கு கட்டியாகித் துளையை அடைக்கும். ஏசி அறையில் இரவு முழுக்கப் படுத்தால் காலையில் இது நிச்சயம் தெரியும்.

இதற்கென்றே வரும், துளை மேல் பொருத்தும் ஈரக்காப்பு வடிகட்டியை வாங்க முடிந்தால் வாங்குங்கள். உள்ளே உப்பு ஏற்றிய நுரைப்பஞ்சு இருக்கும். வெளிவிடும் மூச்சின் ஈரத்தைப் பிடித்து, உள்ளிழுக்கும்போது திருப்பித் தரும். 24 மணி நேரத்துக்கு ஒருமுறை, சளி பட்டுவிட்டால் அதற்கு முன்பே மாற்ற வேண்டும். விலையை நினைத்துக் கழுவிப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. கழுவினால் அந்த உப்பு போய்விடும், பிறகு அது வெறும் பஞ்சு. அதைவிட நனைத்துப் பிழிந்த மல் துணி நல்லது. நாலு மடிப்பாக மடித்து, ஓரங்களை மடித்துத் தைத்து, நாடா வைத்துக் கழுத்தில் முன்தொங்கலாகக் கட்டுங்கள். ஓரம் தைக்காத துணியும் வெட்டிய காஸ் துணியும் நூல் பிரியும், அந்த நூல் உள்ளே போகும். துளையைத் துடைக்கப் பஞ்சும் டிஷ்யூ பேப்பரும் கூடாது, கைக்குட்டைதான் சரி.

உள்ளே ஈரமூட்ட நார்மல் சலைன், அதாவது மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புக் கரைசல். சிரிஞ்சில் எடுத்ததும் ஊசியைக் கழற்றித் தனியே வைத்துவிட்டுத்தான் துளைப் பக்கம் கையைக் கொண்டுபோக வேண்டும். 2 முதல் 3 மில்லி, அவர் மூச்சை இழுக்கும் நேரத்தில் விடுங்கள். உடனே இருமல் வரும், அதுதான் வேண்டும். இளகிய சளி வெளியே வரும். ஒரு நாளைக்கு எத்தனை முறை என்பது சளியைப் பொறுத்தது. பாகு போல இருந்தால் கூட்டுங்கள், தண்ணீராக இருந்தால் குறையுங்கள். திறந்த சலைன் பாட்டிலை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

பொருக்கு எடுப்பதை அவசரமாகச் செய்யக் கூடாது. வெளிச்சத்துக்கு எதிரே உட்கார வைத்து, டார்ச்சைத் துளைக்கு நேராகப் பிடியுங்கள். ஓரத்தில் மஞ்சளாகவோ பழுப்பாகவோ ஒட்டியிருக்கும். முதலில் சலைன் விட்டு நாலைந்து நிமிடம் ஊற விடுங்கள். பொருக்கின் விளிம்பு வெளுத்து மேலே எழும்பும். அப்போது முனை மழுங்கிய இடுக்கியால் அந்த விளிம்பைப் பிடித்து வெளிப்பக்கமாக இழுத்தால் முழுதாக வந்துவிடும். வராவிட்டால் மறுபடி ஊற வையுங்கள். காய்ந்ததைப் பிய்த்தால் ரத்தம் கசியும், ரத்தம் உறைந்து அடுத்த பொருக்கு இன்னும் கெட்டியாகும். கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் இடுக்கியை விடவே கூடாது. சளியில் மெல்லிய ரத்தக் கோடு வறட்சியின் அறிகுறி. புது ரத்தம் தொடர்ந்து வந்தாலோ, மூச்சில் விசில் சத்தம் கேட்டாலோ மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

துளை சுருங்காமல் இருக்கச் சிலருக்குக் குழாய் கொடுத்திருப்பார்கள். கழுவும்போது உள்சுவரைப் பிரஷ் போட்டுத் தேயுங்கள். திரும்பப் போட நீரில் கரையும் ஜெல் தடவலாம், வாசலைன் கூடாது. நாடாவுக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். நேற்று எளிதாகப் போன குழாய் இன்று இறுக்கினால், அழுத்தித் திணிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வீட்டுப் புகை பற்றிப் பலரும் சொல்ல மறக்கிறார்கள். மிளகாய் வறுக்கும் நெடி, தாளிக்கும் புகை, சாம்பிராணி, கொசுவத்திச் சுருள், முகப் பவுடர் எல்லாம் வடிகட்டாமல் நேரே நுரையீரலுக்குப் போகும். போகி அன்று காலை அவரை உள்ளறையில் வைத்து ஜன்னலைச் சாத்துங்கள். குளியல் செம்பில், தோளுக்குக் கீழே. தலைக்கு ஊற்றும்போது முன்னால் குனிந்து, துளை மேல் தண்ணீர் புகாத மறைப்பு போட்டுக்கொள்ள வேண்டும். ஆறு, குளம், கடல் கூடவே கூடாது.

இன்னொன்று, சட்டைப் பையில் எப்போதும் ஓர் அட்டை. "நான் கழுத்து வழியாக மட்டுமே மூச்சு விடுகிறேன். ஆக்சிஜனை என் கழுத்தில் வையுங்கள்." மயங்கி விழுந்தால் பழக்கத்தில் எல்லோரும் முகத்தில்தான் மாஸ்க் வைப்பார்கள். அதில் ஒரு துளி ஆக்சிஜன்கூட உள்ளே போகாது. குழந்தைகளுக்கான சிறிய மாஸ்க் கழுத்துத் துளை மேல் நன்றாகப் பொருந்தும். 108க்கு அவரால் பேச முடியாது என்பதையும் யோசித்து, பக்கத்து வீட்டாரிடம் சொல்லி வையுங்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். தொண்டையின் உள்தையல் ஆறும் வரை, பொதுவாக 7 முதல் 14 நாள், மூக்குக் குழாய் வழியாகத்தான் உணவு. முன்பே கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு இன்னும் தாமதமாகும். தினமும் குழாய் மூக்கோரத்தில் நிற்கும் அளவுக்குறியைப் பாருங்கள். மாறியிருந்தால் எதையும் ஊற்றாதீர்கள். தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி, ஒரு வேளைக்கு 200 முதல் 250 மில்லி, சிரிஞ்சை அழுத்தாமல் தானாக இறங்க விடுங்கள். முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீர். பின்பு அரை மணி நேரமாவது படுக்கக் கூடாது. குழாய் அடைப்பதற்குப் பெரும்பாலும் வடிகட்டாத கஞ்சியும் சரியாகப் பொடிக்காத மாத்திரையும்தான் காரணம். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது, மாற்று மருந்து கேளுங்கள்.

வெறும் கஞ்சித் தண்ணீரில் தையல் ஆறாது. உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவை; 60 கிலோ ஆளுக்கு 72 முதல் 90 கிராம். ஒரு லிட்டர் பால், வேகவைத்து அரைத்த 4 முட்டை, 100 கிராம் பருப்பு சேர்ந்தால் ஏறக்குறைய 75 கிராம் வரும். சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் கணக்கு மாறும், உணவியலாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தையல் பிரிந்து எச்சில் கழுத்துத் தோல் வழியாகக் கசிவதுதான் இந்த நாட்களில் பயப்பட வேண்டியது. முதலில் காய்ச்சல், பிறகு காயத்தைச் சுற்றிச் சிவப்பு, நாற்றம், ஈரம். முன்பு வாங்கிய கதிர்வீச்சும், சத்துக்குறைவும், ரத்தசோகையும் இதற்கு வழி செய்யும். அறிகுறி தெரிந்தால் வாய்வழியே எதுவும் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்கு.

ஆறியபின் ஒரு நிம்மதி உண்டு. பாதைகள் பிரிந்துவிட்டதால் இனிப் புரையேற வழியில்லை. ஆனால் குரல் வால்வு வைத்தவருக்குத் தண்ணீர் குடிக்கும்போது இருமல் வந்தால், வால்வு கசிகிறது என்று பொருள். மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே சின்னத் துளை போட்டு வைக்கும் ஒருவழிச் சிலிகான் வால்வு இது. 1980இல் சிங்கர், ப்ளோம் என்ற இரு அமெரிக்கர்கள் இந்த முறையை வெளியிட்டார்கள். கழுத்துத் துளையை விரலால் மூடி மூச்சு விட்டால் காற்று வால்வு வழியே தொண்டைக்கு ஏறி அங்குள்ள தசையை அதிர வைக்கும், அதுவே குரல். சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருப்பதால் செலவு நம் ஊரில் பெரிய தடை. பெங்களூரு புற்றுநோய் அறுவை மருத்துவர் விஷால் ராவ் 50 ரூபாய்க்குத் தரும்படி 'ஓம்' வால்வை உருவாக்கியது இதனால்தான்.

கசிவைக் கண்டுபிடிக்க முதலில் வால்வைப் பிரஷால் சுத்தம் செய்யுங்கள். கண்ணாடி முன் உட்கார்ந்து டார்ச் அடித்தபடி, பீட்ரூட் சாறு கலந்த தண்ணீரை ஒரு மிடறு குடிக்கச் சொல்லுங்கள். சிவப்பு வால்வின் நடுவில் தெரிந்தால் மூடி சரியாக மூடவில்லை: உணவுத் துணுக்கோ, பூஞ்சை வளர்ச்சியோ. மறுபடி சுத்தம் செய்தும் கசிந்தால் மாற்ற வேண்டும். அதுவரை அதற்கென உள்ள அடைப்பானைச் செருகிவிட்டுக் குடிக்கலாம். சிவப்பு வால்வின் விளிம்பைச் சுற்றி வந்தால் துளை தளர்ந்திருக்கிறது, அல்லது வால்வின் நீளம் பொருந்தவில்லை. அதை வீட்டில் நோண்டக் கூடாது.

வால்வே கழன்று விழுந்தால் நேரம் முக்கியம், சில மணி நேரத்தில் அது இருந்த சின்னத் துளை சுருங்கிவிடும். இதற்காகவே மருத்துவர் சொன்ன அளவில் ஒரு சிவப்பு ரப்பர் கதீட்டரை (மெல்லிய குழாய்) வீட்டில் வைத்திருந்து, அந்தச் சின்னத் துளையில் செருகி, வெளிமுனையை முடிச்சிட்டு, தோலோடு ஒட்டுங்கள். விழுந்த வால்வு கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நுரையீரலுக்குள் போயிருக்கலாம், எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

மாதங்கள் கழித்து வரும் சோர்வு, குளிர் தாங்காமை, ஆறாத காயம் இவற்றை "ஆபரேஷன் ஆன உடம்பு" என்று விட்டுவிடாதீர்கள். அறுவையில் தைராய்டின் ஒரு பகுதி போயிருக்கலாம், மீதியைக் கதிர்வீச்சு வாட்டியிருக்கலாம். 6 மாதத்துக்கு ஒருமுறை டி.எஸ்.ஹெச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பாருங்கள். கழுத்து நிணக் கட்டிகளை எடுத்தபோது தோள் நரம்பு இழுபட்டிருந்தால் கை தோளுக்கு மேலே எழும்பாது. பயிற்சியைத் தள்ளிப்போட்டால் மூட்டு இறுகிவிடும்.

வாசனையும் போய்விடும், மூக்கில் காற்றோட்டம் இல்லாததால். நெதர்லாந்தில் உருவான பயிற்சி ஒன்று உண்டு: உதட்டை மூடிக்கொண்டு, சபையில் கொட்டாவியை அடக்குவது போலத் தாடையையும் நாக்கையும் கீழே இறக்குவது. வாய்க்குள் இடம் கூடும்போது மூக்கு வழியே கொஞ்சம் காற்று உள்ளே இழுபடும். தொடர்ந்து பழகினால் காப்பி வாசனை பலருக்குத் திரும்பக் கிடைக்கிறது. அதுவரை அவர் தனியாக இருக்கும் வீட்டில் கேஸ் கசிந்தால் அவருக்குத் தெரியாது. சமையலறையில் ஒலி எழுப்பும் கேஸ் டிடெக்டரைத் தரையை ஒட்டிப் பொருத்துங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கீழேதான் தேங்கும்.