டிசம்பரில் தெரியாத பாதையில் தனியாக சைக்கிளில்

கொழும்பில் குளிர்காலமா என்று சிரிக்காதீர்கள். டிசம்பர் கடைசியிலிருந்து பெப்ரவரி வரை விடியற்காலை மிதிக்க இதமான காலம். புதிய பாதை தேடுபவருக்கு கொழும்பை அடுத்த ஹெந்தளையிலிருந்து வடக்கே நீர்கொழும்புப் பக்கம் போகும் ஹமில்டன் கால்வாய்க் கரை நல்ல தொடக்கம்: ஏற்றம் இல்லை, தண்ணீரை விட்டு விலகாதவரை திசையும் தப்பாது. இந்த மாதங்களில் காலைக் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வரும். போகும்போது எதிர்காற்று, அதனால் தொடக்கத்திலேயே வேகம் காட்டாதீர்கள்.

ஸ்பேர் டியூப், டயரை நெம்பிக் கழற்ற இரண்டு டயர் லீவர், கைப்பம்ப் கட்டாயம். டியூபில் இருப்பது பிரெஸ்டா வால்வு (ஒல்லியான, நுனியில் சின்னத் திருகு உள்ள வகை) என்றால் சின்னப் பித்தளை அடாப்டரும் வேண்டும், சாதாரணக் கடைப் பம்ப் அதில் பொருந்தாது. பஞ்சரானால் டியூப் மாற்றுமுன் டயரின் உட்புறத்தை மெதுவாகத் தடவிப் பாருங்கள். முள் அங்கேயே இருந்தால் புது டியூபும் போய்விடும், தனியாகப் போனவருக்கு அப்புறம் உருட்டுவதுதான் வழி. மாலையில் கிளம்பினால் லைட் இல்லாமல் வேண்டாம், 6 மணியளவில் இருட்டத் தொடங்கிவிடும்.