நூலக ஆய்வுகளை எடைபோட முன்வருகிறவர்களுக்கு

கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்திலிருந்து 2006 முதல் வருகிறது ‘எவிடன்ஸ் பேஸ்டு லைப்ரரி அண்ட் இன்ஃபர்மேஷன் பிராக்டிஸ்’ என்ற காலாண்டிதழ். யாரும் கட்டணமின்றிப் படிக்கலாம். அதில் ‘எவிடன்ஸ் சம்மரி’ என்றொரு பகுதி உண்டு. வேறோர் இதழில் ஏற்கெனவே வெளியான ஓர் ஆய்வைத் தன்னார்வலர் ஒருவர் சுருக்கி, அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று எழுதுவார்.

வடிவம் மாறாது: நோக்கம், வடிவமைப்பு, இடம், பங்கேற்றோர், முறை, முக்கிய முடிவுகள், முடிவுரை, கடைசியில் கருத்துரை. முதல் ஏழிலும் ஆய்வாளர் சொன்னதுதான் இருக்க வேண்டும். உங்கள் குரலுக்கு இடம் கருத்துரையில் மட்டும். புதியவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். முறையை விவரிக்கும்போதே குறை சொல்லிவிட்டு, கருத்துரையில் முடிவுகளையே திருப்பி எழுதுவார்கள். மூலக் கட்டுரையின் சுருக்கத்தை வார்த்தை மாற்றி ஒட்டுவது இன்னும் மோசம்.

கட்டுரை கைக்கு வந்ததும் சுருக்கத்தையும் முடிவுரையையும் தள்ளி வையுங்கள். முதலில் முறை, அடுத்து அட்டவணைகள். ஆய்வாளர் என்ன கண்டதாகச் சொல்கிறார் என்று தெரிந்துகொண்டு படித்தால் ஓட்டைகள் கண்ணில் படாது.

பென்சிலோடு உட்கார வேண்டிய இடம், சதவீதங்கள். ஒரு கருத்துக்கணிப்பு 4,000 மாணவர்களுக்கு மின்னஞ்சலில் போய், 212 பேர் பதில் தந்ததாக வைத்துக்கொள்வோம். பதில் விகிதம் 5.3%. அவர்களில் 60% பேருக்குச் சேவை பிடித்திருந்தால், அது 127 பேர். கட்டுரை ‘பெரும்பான்மை மாணவர்கள்’ என்று எழுதியிருந்தால் கருத்துரையில் அதைச் சொல்லியாக வேண்டும். அதைவிட முக்கியம், பதில் தராத 3,788 பேர் யார் என்பது. நூலகத்துக்குள் காலே வைக்காதவர்கள் அவர்களில் அதிகம் இருக்கலாம்.

சரிபார்ப்புப் பட்டியல் ஒன்று தேவை. நூலகர் லிண்ட்சே கிளின் 2006-இல் வெளியிட்ட பட்டியல் நூலக ஆய்வுகளுக்கென்றே அமைந்தது. மக்கள்தொகை (அதாவது, யாரை வைத்து ஆய்வு நடந்தது), தரவு சேகரிப்பு, ஆய்வு வடிவமைப்பு, முடிவுகள் என நான்கு பிரிவுகள். ஒவ்வொரு கேள்விக்கும் ஆம், இல்லை, தெளிவில்லை, பொருந்தாது. ‘ஆம்’ 75 சதவீதத்தைத் தொட்டால் ஆய்வு ஏற்கத்தக்கது. 20 கேள்விகளில் 14 ஆம் என்றால் 70%, தேறவில்லை. ஆனால் மொத்தத்தை மட்டும் பார்த்து விட்டுவிடாதீர்கள். பிரிவுவாரியாகவும் கணக்கிட வேண்டும். வடிவமைப்பில் நல்ல மதிப்பெண் வாங்கிய ஆய்வு, மக்கள்தொகையில் படுத்திருக்கும். ‘தெளிவில்லை’ நிறைய விழுந்தால் ஆய்வே மோசம் என்று பொருளல்ல; எழுதியவர் சொல்லாமல் விட்டிருக்கலாம். கேள்வித்தாள் பின்னிணைப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு குறியுங்கள்.

நூலகங்கள் நடத்தும் பயிற்சி வகுப்புகள் பற்றிய ஆய்வுகளில் ஒரே மாதிரியான கோளாறுகள் வரும். ‘தேடத் தெரியும் என்று நம்புகிறேன்’ என்ற பதிலைத் திறமையின் அளவாகக் கொள்வது. வகுப்புக்கு முன்னும் பின்னும் அதே கேள்விகளைக் கொடுத்து, ஒப்பிட வேறு குழு இல்லாமலே முன்னேற்றம் என்பது. நூலகம் வந்தவர்கள் அதிக மதிப்பெண் வாங்கினார்கள் என்ற வகை ஆய்வுகளும் அப்படித்தான். படிக்கிற பிள்ளை நூலகத்துக்கு வருகிறதா, நூலகத்துக்கு வந்ததால் படிக்கிறதா என்பதை அந்தத் தரவு சொல்லாது.

கருத்துரையில் எல்லாக் குறைகளையும் கொட்ட வேண்டாம். முடிவையே புரட்டிப்போடக்கூடிய இரண்டோ மூன்றோ போதும். எந்தப் பட்டியலைப் பயன்படுத்தினீர்கள் என்று பெயர் சொல்லுங்கள். துறையில் முன்பு வந்த ஆய்வுகளோடு இது எங்கே சேர்கிறது என ஓரிரு வரி. பிறகு, வேலையில் இருக்கும் நூலகர் இதை வைத்து என்ன செய்யலாம் என்பது. பலர் இந்த இடத்தில் ‘மேலும் ஆய்வுகள் தேவை’ என்று முடித்துவிடுகிறார்கள். அந்த வரியால் யாருக்கும் பயனில்லை.

ஆய்வாளர் உங்களுக்குத் தெரிந்தவர் என்றாலோ, அதிலுள்ள புள்ளியியல் பிடிபடவில்லை என்றாலோ, கட்டுரை வந்த வாரத்திலேயே ஆசிரியரிடம் சொல்லி வேறொன்று கேளுங்கள். கெடு நெருங்கும்போது சொன்னால் மாற்று ஆள் கிடைக்காது.