பல்லிக்குப் பயந்தவள் பதின்மூன்றாயிரம் அடியில்

என் மனைவியின் பயம் சாதாரணப் பயம் இல்லை. படுக்கப் போகும்முன் கேஸ் அடுப்பை மூன்று முறை பார்ப்பாள். நாங்கள் இருக்கும் துபாயின் ஷேக் சாயித் சாலையில் கார் நூறைத் தாண்டினால் முருகனைக் கூப்பிட ஆரம்பித்துவிடுவாள். சமையலறையில் பல்லி தலைகாட்டினால் அது தானாகக் கிளம்பிப் போகும்வரை எங்களுக்கு ஹோட்டல் சாப்பாடுதான். அப்படிப்பட்டவள் போன டிசம்பரில் ஒரு நாள் இரவு சாம்பார் ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "என்னங்க, நான் ஸ்கைடைவிங் போகப் போறேன்."

என் காதில் 'ஸ்கேனிங்' என்று விழுந்தது. "ஏன், உடம்புக்கு என்ன?" என்று பதறிவிட்டேன். விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிப்பது என்று மகன்தான் விளக்கினான். உடம்புக்கு ஒன்றும் இல்லை, தலைக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று புரிந்தது.

காரணம் ஒன்பதாவது மாடி சேச்சி. அவர் இரண்டு மாதம் முன்னால் பாம் ஜுமேரா தீவுக்கு மேலே குதித்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து லிஃப்டில் யார் ஏறினாலும் அந்தக் கதைதான். ஒன்பதிலிருந்து தரைக்கு வருவதற்குள் விமானம் ஏறி, கதவு திறந்து, குதித்து, பாராசூட் விரிந்து, புல்தரையில் உட்கார்ந்து முடித்துவிடுவார். நாங்கள் மூன்றாவது மாடி. அதனால் எங்களுக்கு எப்போதும் பாராசூட் விரிகிற கட்டத்திலிருந்துதான் கதை கிடைக்கும். மீதியையும் தெரிந்துகொள்ளாமல் இவளுக்குத் தூக்கம் வரவில்லை போலிருக்கிறது.

மனிதர்கள் ஏன் காசு கொடுத்து வானத்திலிருந்து விழுகிறார்கள் என்பதற்குப் பெரிய பெரிய விளக்கங்கள் இருக்கின்றன. பாதிப் பேர் குதிப்பதற்குக் காரணம் மீதிப் பேர் ஏற்கெனவே குதித்துவிட்டதுதான் என்பது என் கட்சி.

காசு என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாயிரம் திர்ஹாமுக்கு மேல். நம்மூர்ப் பணத்தில் கிட்டத்தட்ட அரை லட்சம். அதற்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒரு நிமிஷம் விழுவதும், ஐந்தாறு நிமிஷம் பாராசூட்டில் தொங்குவதும். அந்தப் பணத்தில் அரைப் பவுன் வாங்கிப் போடலாமே என்று ஆரம்பித்தேன். "தங்கம் விலை இறங்கினா என்ன பண்ணுவீங்க?" என்றாள். இறங்கட்டுமே, ஒரே நிமிஷத்தில் எட்டாயிரம் அடி இறங்காதே என்றேன். பதில் இல்லை.

அடுத்த வாரம் முழுக்க எனக்கு வகுப்பு எடுத்தார்கள். முதல் பாடம் புனேயைச் சேர்ந்த ஷீத்தல் மகாஜன். வட துருவம், தென் துருவம் இரண்டிலும் குதித்தவர், பத்மஸ்ரீ வாங்கியவர். 2018-ல் தாய்லாந்தில் ஒன்பது கெஜம் புடவை கட்டிக்கொண்டு பதின்மூன்றாயிரம் அடியிலிருந்து குதித்திருக்கிறார். "புடவையிலேயே குதிச்சிருக்காங்க, நான் பேன்ட் போட்டுக்கிட்டுத்தானே போறேன்" என்றாள். இந்த வாதத்தில் எங்கே ஓட்டை என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

இரண்டாம் பாடம் கணக்கு. மகன் எடுத்தான். அமெரிக்க பாராசூட் சங்கம் ஆண்டுதோறும் கணக்கு வெளியிடுகிறதாம். 2023-ல் அங்கே சுமார் 36 லட்சத்து 50 ஆயிரம் குதிப்புகள், இறந்தவர்கள் 10 பேர். "மூணரை லட்சத்துல ஒருத்தருக்குத்தான்பா" என்றான். அந்தப் பத்துப் பேரும் அதற்கு முந்தைய வருஷக் கணக்கைப் படித்துவிட்டுத்தான் போயிருப்பார்கள் என்றேன். வீட்டில் என்னிடம் யாரும் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

சரி, ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை துபாய் மெரினா பக்கம் போய் இறங்கினோம். அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று வழியிலேயே என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டாள். அவள் அம்மா, அதாவது என் மாமியார், கும்பகோணத்தில் இருக்கிறார். மகள் துபாயில் லிஃப்டில் ஏறி இறங்குவதே அவருக்குக் கவலை.

முதலில் எடை பார்த்தார்கள். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாத ஒரே ரகசியம் அதுதான். "அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க" என்றாள். திரும்பிக்கொண்டேன். விமானத்திலிருந்து குதிக்கத் துணிந்தவளுக்கு இந்த மிஷின்மேல் ஏறும்போது இருந்த நடுக்கத்தை அங்கிருந்த பெண்கள் எல்லோரும் புரிந்துகொண்டார்கள்.

அடுத்து கையெழுத்து. உயிருக்கு ஏதாவது ஆனால் யாரையும் கேட்க மாட்டேன் என்கிற ரீதியில் பக்கம் பக்கமாக இருந்தது. வீட்டில் புதுப் பிரஷர் குக்கர் வாங்கினால் அதன் உத்தரவாத அட்டையை வரி விடாமல் படிப்பவள், இதில் கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் தேடிக்கொண்டிருந்தாள். நான்தான் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். படித்திருக்க வேண்டியதில்லை.

காற்று சரியில்லை என்று காத்திருக்கச் சொன்னார்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் இருந்தவர்களிடம் ஏன் வந்தீர்கள் என்று பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். ஒரு பிலிப்பைன்ஸ் பெண்மணிக்கு அன்றைக்கு நாற்பதாவது பிறந்தநாள். அமெரிக்க அதிபராக இருந்த மூத்த புஷ் தொண்ணூறாவது பிறந்தநாளன்று குதித்ததைச் சொல்லி, தனக்கு இன்னும் ஐம்பது வருஷம் பாக்கி என்றார். ஒரு பஞ்சாபிப் பையன் காதலியை மேலே அனுப்பிவிட்டு, அவள் இறங்கி வந்ததும் காட்டுவதற்கு மோதிரத்தோடு நின்றான். கெட்டிக்காரன். அந்த நேரத்தில் யார் என்ன கேட்டாலும் சரி என்றுதான் வாயில் வரும். தனியாகக் குதிக்கிற பழைய ஆள் ஒருவர் தரையில் பாராசூட்டை மடித்துக்கொண்டிருந்தார். அவர்தான் கொஞ்சம் யோசித்துச் சொன்னார்: "அந்த ஒரு நிமிஷம் என் மேனேஜர் கூப்பிட முடியாது."

இவளைத் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குதிக்கப்போகிற இன்ஸ்ட்ரக்டர் வந்தார். இடுப்பை முன்னால் தள்ளு, தலையைத் தூக்கு, காலைப் பின்னால் மடக்கு, இறங்கும்போது முட்டியைத் தூக்கு, அவ்வளவுதான் என்றார். சொல்லி முடித்துக் கொட்டாவி விட்டார். இவள் முகமோ வெளுத்துப்போயிருந்தது. 1960-களில் எப்ஸ்டீன், ஃபென்ஸ் என்று இரண்டு உளவியலாளர்கள் பாராசூட் குதிப்பவர்களின் பயத்தை அளந்து பார்த்தார்கள். புது ஆளுக்குப் பயம் ஏறிக்கொண்டே போய்க் குதிக்கிற சமயத்தில் உச்சத்தைத் தொடுகிறது. பழகிய ஆளுக்கு அன்று காலையிலேயே உச்சம் வந்துவிட்டு, விமானம் ஏறுவதற்குள் தணிந்துவிடுகிறது. அதாவது நம் இன்ஸ்ட்ரக்டர் தன் பங்குப் பயத்தைக் காலை டிபனோடு முடித்துவிட்டார். கீழே பையையும் செருப்பையும் வைத்துக்கொண்டு நிற்கும் கணவனின் பயம் எப்போது உச்சம் தொடும் என்று அவர்கள் அளந்ததாகத் தெரியவில்லை. நான் சொல்கிறேன், விமானக் கதவைச் சாத்தும்போது.

ட்வின் ஆட்டர் என்கிற சின்ன விமானம் கிளம்பிப் போனது. மேலே ஏறக் கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். நான் போனை எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். இரண்டு பேர் சேர்ந்து விழுந்தால் ஒரு ஆளை விட வேகமாக விழுவார்களாம். அதனால் குதித்ததுமே ட்ரோக் என்று ஒரு குட்டிப் பாராசூட்டைப் பின்னால் பறக்க விடுகிறார்கள். அது இழுத்துப் பிடித்து, வேகத்தை மணிக்கு 200 கிலோமீட்டர் பக்கத்தில் நிறுத்தி வைக்கும். ஷேக் சாயித் சாலையில் நான் நூறைத் தாண்டினால் என்ன நடக்கும் என்று ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன். பெரிய பாராசூட் சரியாக விரியாவிட்டால் அதைக் கழற்றி எறிந்துவிட்டு விரிக்க இன்னொன்று பையிலேயே இருக்கிறது. அதையும் இழுக்க ஆள் இல்லாமல் போனால், குறிப்பிட்ட உயரத்தில் தானாகவே இழுத்துவிட ஒரு கருவி இருக்கிறது. இதைப் படித்ததும் நிம்மதியாக இருந்தது. இத்தனை ஏற்பாடு எதற்கு என்று யோசித்ததும் நிம்மதி போய்விட்டது.

இன்னும் தேடியதில் ஒரு தம்பதி கிடைத்தார்கள். 1797-ல் ஆந்த்ரே-ஜாக் கார்னெரான் என்பவர் பாரீஸில் பலூனிலிருந்து பாராசூட்டில் இறங்கினார். இப்படியும் அப்படியும் பயங்கரமாக ஆடிக்கொண்டேதான் தரைக்கு வந்து சேர்ந்தார். அதைப் பார்த்த பிறகும் 1799-ல் ஜான் ஜெனெவியேவ் லாப்ரோஸ் என்ற பெண் அதே போலக் குதித்தார். பாராசூட்டில் குதித்த முதல் பெண் அவர்தான். கார்னெரானின் மனைவியும் அவரே. அங்கேயாவது கணவன் முதலில் குதித்திருக்கிறான்.

அப்போதுதான் வீடியோ கால் வந்தது. கும்பகோணம்.

கேமராவை அணைத்துவிட்டு எடுத்தேன். "மாப்பிள்ளை, அவ எங்க? போனே எடுக்கல."

"மேல இருக்கா அத்தை."

"துணி காயப்போடப் போனாளா?"

"காத்து வாங்கப் போயிருக்கா."

"சரி, கீழ வந்ததும் பேசச் சொல்லுங்க."

அண்ணாந்து பார்த்தேன். எறும்பு அளவுக்கு ஏதோ ஒன்று வானத்தில் விழுந்துகொண்டிருந்தது. "வந்துக்கிட்டே இருக்கா அத்தை" என்றேன். நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பாராசூட் விரிந்தது. பாம் தீவை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, புல்தரையில் சறுக்கியபடி உட்கார்ந்தாள். ஓடினேன். முகத்தில் ஒன்றுமே இல்லை. பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன், என்னை யாரோ மாதிரிப் பார்த்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள். செருப்பைக் கீழே போட்டேன், போட்டுக்கொண்டாள். எனக்குக் கை கால் உதறிவிட்டது. ரிச்சர்ட் சாலமன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1974-ல் எழுதியதை அப்புறம் படித்தபோதுதான் தெரிந்தது, இது ஊர் உலகத்தில் எல்லோருக்கும் நடப்பதுதான். முதன்முறை குதித்தவர்கள் இறங்கியதும் சில நிமிஷம் கல் முகத்தோடு திரிவார்கள். பிறகு சிரிப்பும் பேச்சும் கையாட்டலுமாக ஆளே மாறிவிடுவார்கள். பயம் வடிகிற இடத்தில் அதற்கு நேர் எதிரான ஒரு குஷி பொங்குகிறது, அதற்காகத்தான் திரும்பவும் போகிறார்கள் என்பது அவர் கொள்கை.

அவர் எழுதாமல் விட்டது, அந்தப் பேச்சு எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பது. கார் நிறுத்தியிருந்த இடத்தில் ஆரம்பித்தாள். வீடு வந்து, குளித்து, சாப்பிட்டு, நான் படுத்த பிறகும் பேசிக்கொண்டிருந்தாள். வயிற்றைப் பிசையவே இல்லையாம், பொருட்காட்சி ராட்டினம்தான் இதைவிட மோசமாம். அது உண்மைதான். விமானம் ஏற்கெனவே வேகமாக முன்னால் போய்க்கொண்டிருப்பதால், வெளியே வந்ததும் காற்று தாங்க ஆரம்பித்துவிடுகிறது. ராட்டினத்தில் போல வயிறு தொண்டைக்கு வருவதில்லை. கதவு விளிம்பில் உட்கார்ந்திருந்த சில வினாடிகள்தான் நரகமாம். குதித்தபின் பயப்பட நேரமே இல்லையாம்.

பால் ராஸின் என்று இன்னொரு ஆய்வாளர், மனிதர்கள் ஏன் கண்ணீர் விட்டுக்கொண்டே மிளகாய் தின்கிறார்கள் என்று ஆராய்ந்தவர். உடம்பு ஆபத்து ஆபத்து என்று கத்தும், ஆபத்து ஒன்றும் இல்லை என்று மனசுக்குத் தெரியும், அந்த இடைவெளியில்தான் சுகம் என்கிறார். எனக்கு இந்த விளக்கம் சாலமனுடையதைவிடப் பிடித்திருக்கிறது. மோர் மிளகாயை மூக்கு ஒழுக ஒழுகத் தின்கிற குடும்பத்தில் பிறந்தவள் கடைசியில் இங்கே வந்து சேர்ந்ததில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

கேமராக்காரர் ஒருவர் எதிரிலேயே குதித்து எடுத்த வீடியோ ஒன்று கொடுத்தார்கள். எங்கள் கல்யாண வீடியோக்காரர்கூட அவ்வளவு பக்கத்தில் வரவில்லை. சேச்சிக்கு அதை லிஃப்டிலேயே காட்டியாகிவிட்டது. இப்போது இருவரும் தனியாகக் குதிப்பதற்கான உரிமத்தைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். அமெரிக்க முறைப்படி அதற்கு 25 முறை குதித்திருக்க வேண்டுமாம். எத்தனை பவுன் என்று நான் பெருக்கிப் பார்க்கவில்லை.

மகன் அந்த வீடியோவைக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டான். பத்தே நிமிஷத்தில் அத்தை கூப்பிட்டார். இவள் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். நான்தான் எடுத்தேன்.

"தலைய இப்படி விரிச்சுப் போட்டுக்கிட்டா போவா? ஒழுங்கா ஒரு பின்னல் போட்டா என்னவாம்?"

"பின்னல்தான் அத்தை, காத்துல பிரிஞ்சிடுச்சு."

"பின்னாடி ஒட்டிக்கிட்டு நிக்கிறாரே, அவர் யாரு?"

"சொல்லிக்கொடுக்கிறவர்."

"முன்னாடி பறக்கிறவரு?"

"வீடியோ எடுக்கிறவர்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. திரும்பவும் ஒருமுறை பார்க்கிறார் போலிருந்தது.

"நீங்க எங்க மாப்பிள்ளை? காணோமே."

"கீழ பை பார்த்துக்கிட்டு நின்னேன் அத்தை."

"அதானே பார்த்தேன்" என்றார்.