பெங்களூருக்கு ஒரு சுற்றுலா ஆப்: எந்த கேட், எத்தனை மணி, என்ன பேர்

பெங்களூரைச் சுற்றிக் காட்ட ஆப் செய்யப் புறப்படுகிறவர்கள் முதலில் இடங்களைத்தான் அடுக்குவார்கள். முந்நூறு இடம், ஒவ்வொன்றுக்கும் இணையத்தில் எடுத்த இரண்டு பத்தி. வேலூரிலிருந்து காலை வண்டியில் வந்து மெஜஸ்டிக்கில் பையோடு நிற்கும் குடும்பத்துக்கு அது எதற்கு? எந்த கேட் வழியாகப் போவது, இப்போது திறந்திருக்கிறதா, ஆட்டோக்காரரிடம் என்ன பேர் சொல்வது, இவ்வளவுதான் அவர்களுக்கு வேண்டும். நாற்பது இடத்துக்கு இந்த மூன்றும் சரியாக இருந்தால் போதும்.

முதலில் கேட். லால்பாக் 240 ஏக்கர். மேப்பில் அதற்கு ஒரே புள்ளி வைத்தால் அது தோட்டத்தின் நடுவில் எங்காவது விழும். வழி காட்டும் நிரல் அந்தப் புள்ளிக்கு மிக அருகில் உள்ள சாலையைத் தேடி, காம்பவுண்டு சுவருக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்திவிட்டு "வந்துவிட்டீர்கள்" என்று சொல்லும். நான்கு வாசலையும் நான்கு புள்ளிகளாக வையுங்கள். மெட்ரோ பச்சை லைனில் லால்பாக் ஸ்டேஷனில் இறங்குகிறவருக்கு மேற்கு வாசல். 1889-இல் அடிக்கல் நாட்டிய கண்ணாடி மாளிகைக்கும், கெம்பேகௌடா கோபுரம் நிற்கும் பாறைக்கும் தனித்தனிப் புள்ளி.

அட்சரேகை, தீர்க்கரேகையில் தசமப் புள்ளிக்குப் பிறகு ஐந்து இலக்கம் வேண்டும். அது ஏறக்குறைய 1 மீட்டர் துல்லியம். மூன்று இலக்கத்தோடு விட்டால் 110 மீட்டர் வரை தள்ளிப்போகும். இந்த ஊரில் அது அடுத்த கிராஸ், அதாவது அடுத்த குறுக்குத் தெரு. வாசலில் நின்று, போன் காட்டும் துல்லியம் 10 மீட்டருக்குள் இறங்கும்வரை அரை நிமிடம் பொறுத்துப் பதியுங்கள். மரத்தடியிலும் மேம்பாலத்தடியிலும் புள்ளி துள்ளும். அங்கே மூன்று தடவை எடுத்து நடு மதிப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

நேரத்துக்கு ஒரே கட்டத்தில் "காலை 6 முதல் இரவு 9" என்று எழுதினால் கோயில்களில் மாட்டிக்கொள்வீர்கள். மதியம் நடை சாத்துவார்கள். காலை, மாலை இரண்டு வேளைக்கும் திறப்பு, அடைப்பு என்று நான்கு கட்டம் வையுங்கள். பக்கத்திலேயே "கடைசியாகச் சரிபார்த்த தேதி". அது 90 நாளைத் தாண்டினால் திரையில் தானாக "நேரம் மாறியிருக்கலாம்" என்று வர வேண்டும். கட்டணங்களை நிரலுக்குள் எழுதவே கூடாது. ஆட்டோ மீட்டரின் குறைந்தபட்சக் கட்டணம் 2021 டிசம்பரில் 30 ரூபாய் ஆனது, 2025 ஆகஸ்டில் 36. மெட்ரோவின் அதிகபட்சக் கட்டணம் 2025 பிப்ரவரியில் 60-இலிருந்து 90-க்குப் போனது. இவையெல்லாம் சர்வரில் ஒரு சின்னக் கோப்பில் இருக்கட்டும். ஆப் திறக்கும்போது இறக்கிக்கொள்ளும்.

திருவிழாத் தேதியில் தமிழர்களுக்கென்றே ஒரு குழி இருக்கிறது. பெங்களூரு கரகம் சைத்ர பௌர்ணமியில். "சித்ரா பௌர்ணமிதானே" என்று நம் தினசரி காலண்டரைக் கிழித்துப் பார்த்தால் ஒரு மாதம் தப்பலாம். 2025-இல் கரகம் ஏப்ரல் 12. நம் சித்ரா பௌர்ணமி மே 12. கன்னட மாதம் சந்திரனைப் பின்பற்றுகிறது, நம் மாதம் சூரியனை. பசவனகுடி கடலைக்காய்ப் பரிஷையும் (நிலக்கடலைச் சந்தை) அப்படியே: அது கார்த்திகையின் கடைசித் திங்கட்கிழமை, ஆனால் கன்னடக் கார்த்திகை. 2025-இல் அது நவம்பர் 17, அன்றுதான் நமக்குக் கார்த்திகை 1! விதியை வைத்துக் கணக்குப் போடும் நிரல் எழுத வேண்டாம். கன்னடப் பஞ்சாங்கத்தைப் பார்த்து வருடத்துக்கு ஒரு முறை கையால் தேதியை ஏற்றுவது ஐந்து நிமிட வேலை.

பேர் விஷயம்தான் பெரிய வேலை. நாம் அல்சூர் என்போம், போர்டில் ஹலசூரு, ஆங்கிலத்தில் பாதிப் பேர் உல்சூர். மெட்ரோ ஸ்டேஷன் நாடபிரபு கெம்பேகௌடா, ஊர் வாயில் மெஜஸ்டிக். ஒவ்வொரு இடத்துக்கும் மாற்றுப்பெயர்ப் பட்டியல் இல்லாமல் தேடல் நடக்காது.

அந்தக் "கௌ"வையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் குறியாக உள்ளே போகலாம். கொம்பும் வலப்பக்கக் குறியுமாக இரண்டு துண்டாகவும் போகலாம். யூனிகோடின் என்எஃப்சி என்ற ஒருமைப்படுத்தும் முறை இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடும். மூன்றாவதுதான் தொல்லை: பலர் கொம்பு போட்டு, பக்கத்தில் "ள" எழுத்தையே அடித்துவிடுவார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடினால் கிடைக்காது. "ள"வைப் பார்த்ததும் ஔகாரமாக மாற்றலாம் என்றால் "வெளி", "தெளிவு" எல்லாம் கெட்டுப்போகும். தலைகீழாகச் செய்யுங்கள். தேடலுக்காக உள்ளே வைக்கும் பேரில் மட்டும் எல்லா ஔகாரத்தையும் கொம்பு, "ள" என்று உடைத்து, பயனர் அடிப்பதையும் அதேபோல உடைத்து ஒப்பிடுங்கள். திரையில் காட்டும் பேரைத் தொட வேண்டாம்.

தமிழில் எழுதிய "பசவனகுடி"யை நம்மவர் வல்லினப் "ப"வாக (ba அல்ல, pa) வாசிப்பார், ஆட்டோக்காரர் முழிப்பார். சிவாஜிநகர், அல்சூர் பக்கம் ஓட்டுகிறவர் பலருக்குத் தமிழ் வரும், ஊரெங்கும் அப்படி இல்லை. ஒவ்வொரு இடத்துக்கும் கன்னட எழுத்தில் பெரிதாகப் பேர் காட்டும் ஒரு திரையும், இரண்டு நொடி உச்சரிப்பு ஒலியும் வையுங்கள்.

உள்ளடக்கத்தில் ஊரில் இல்லாத சரக்கு எதுவும் தேவையில்லை. டொம்லூர் சொக்கநாதசுவாமி கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன; டொம்லூருக்குக் கல்வெட்டில் வழங்கிய இன்னொரு பேர் தேசிமாணிக்கப்பட்டணம். பேகூர் நாகேஸ்வரர் கோயிலில் கி.பி. 890-ஐ ஒட்டிய கன்னடக் கல்வெட்டு "பெங்களூரு" என்ற பேரையே சொல்கிறது. ஊருக்குப் பேர் வந்ததற்குச் சொல்லும் வெந்த அவரைக்காய்க் கதையையும் போடலாம், கதை என்று குறிப்பிட்டு.

மேப் ஆஃப்லைனில் வேலை செய்ய வேண்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த மேப்பின் பொதுச் சர்வரிலிருந்து டைல்களை (மேப்பின் சதுரத் துண்டுகளை) மொத்தமாக இறக்குவதற்கு அவர்கள் விதியில் இடமில்லை, தடுத்துவிடுவார்கள். அவர்களின் தரவை எடுத்து, நகரத்தை மட்டும் வெட்டி, வெக்டர் டைலாக்கி பிஎம்டைல்ஸ் என்ற ஒற்றைக் கோப்பில் வைத்து, மேப்லிப்ரே என்ற மேப் காட்டும் நிரலால் காட்டுங்கள். ஓரத்தில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பேர் போடுவது கட்டாயம். இடத்துக்கு ஒரு ஒலிக்குறிப்பு, 2 நிமிடம், மோனோ, 32 கேபிபிஎஸ் என்றால் 480 கேபி. நாற்பதுக்கும் சேர்த்து 20 எம்பிக்குள் முடியும்.

"கோயிலை நெருங்கினால் நோட்டிஃபிகேஷன்" என்ற ஆசை எல்லோருக்கும் வரும். அதற்கு ஒவ்வொரு இடத்தைச் சுற்றியும் ஒரு வட்டம் போட வேண்டும்: ஆண்ட்ராய்டில் ஒரு ஆப்புக்கு 100 வட்டம், ஐபோனில் 20. ஆரம் 100 மீட்டருக்குக் கீழே போனால் நம்ப முடியாது. பின்னணியில் இரண்டு மூன்று நிமிடம் தாமதமாகும். கே.ஆர். மார்க்கெட் அருகே திப்புவின் கோடை அரண்மனையும் கோட்டை வெங்கடரமண சுவாமி கோயிலும் ஒட்டி ஒட்டி இருக்கின்றன, வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழும். போதாக்குறைக்கு, பின்னணி இருப்பிட அனுமதிக்கு ப்ளே ஸ்டோரில் தனி விளக்கம் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். விட்டுவிடுங்கள். ஆப் திறந்திருக்கும்போது "அருகில் உள்ளவை" என்று காட்டினால் அதே பயன்.

ப்ளே ஸ்டோரில் டெவலப்பர் அக்கவுண்டுக்கு ஒரு தடவை 25 டாலர். 2023 நவம்பர் 13-க்குப் பிறகு திறந்த தனிநபர் அக்கவுண்ட் என்றால், வெளியிட விண்ணப்பிக்கும் முன் 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருக்க வேண்டும். நடுவில் ஒருவர் விலகினால் எண்ணிக்கை குறையும், 15 பேரைச் சேர்த்து வையுங்கள். அதில் நான்கைந்து பேராவது பெங்களூரைப் பார்த்திராதவர்களாக இருக்கட்டும். போனை ஏரோபிளேன் மோடில் போடச் சொல்லி, லால்பாக் மேற்கு வாசலிலிருந்து கண்ணாடி மாளிகைக்கு ஆப்பை மட்டும் வைத்துப் போகச் சொல்லுங்கள். எந்த இடத்தில் நின்று சுற்றுமுற்றும் பார்க்கிறார்களோ, அங்கே ஒரு புள்ளி குறைகிறது.