மழைக்காலத்துக்கு சைக்கிளை உத்தரத்தில் ஏற்றி வைக்க

ஐப்பசி மழை செட்டிநாட்டு வீட்டின் வளவுக்குள் (நடு முற்றத்தில்) இறங்கினால் சாரல் தாழ்வாரம் வரை அடிக்கும். அங்கே சார்த்தி வைத்த சைக்கிளில் செயினும் ஸ்போக்ஸும்தான் முதலில் துருவேறும். மார்கழி வரை எடுக்கப்போவதில்லை என்றால் கப்பி போட்டு மேலே ஏற்றிவிடுவதே நல்லது. 12 அடி உயரத்தில் உத்தரம் ஓடும் வீடுகளுக்கு இதைவிட வசதி வேறில்லை.

தேக்கு உத்தரத்தைத் துளைக்காதீர்கள், அவசியமும் இல்லை. லாரியில் சரக்கு இறுக்கும் 2 அங்குலப் பட்டையை, உத்தரத்துக்கு மேலே குறுக்கே ஓடும் இரண்டு கட்டைகளுக்கு நடுவே நுழைத்து, உத்தரத்தைச் சுற்றிப் பூட்டினால் போதும். விளிம்பில் சாக்குத் துண்டு வையுங்கள். கட்டைகளுக்கு மேலே உள்ள செங்கல், சுண்ணாம்பில் மட்டும் கொக்கி அடிக்கவே கூடாது, பெயர்ந்து வந்துவிடும்.

பலரும் ஹேண்டில்பாரையும் சீட்டையும் மாட்டும் இரண்டு கொக்கிக்கும் ஒரே கயிற்றை ஓட்டுவார்கள். இழுத்தால் கனம் குறைந்த பக்கம் மட்டும் சரசரவென்று ஏறும், மறுபக்கம் தரையிலேயே நிற்கும். ஒரே கயிற்றில் இழுவிசை எங்கும் ஒன்றுதான் என்பதால் அப்படித்தான் நடக்கும். ஆகவே ஹேண்டில்பாருக்கு ஒரு கயிறு, சீட்டுக்கு ஒரு கயிறு என்று தனித்தனியாக வேண்டும்.

ஒவ்வொரு கயிற்றின் முனையையும் உத்தரப் பட்டையில் கட்டி, கீழே கொக்கி தொங்கும் கப்பி வழியாக இறக்கி, மறுபடி மேலே நிலையான கப்பிக்கு ஏற்றுங்கள். அங்கிருந்து சுவரோரம் உள்ள இரட்டைக் கப்பிக்குப் போய் இரண்டும் சேர்ந்து இறங்கும். மொத்தம் நான்கு ஒற்றைக் கப்பி, ஒரு இரட்டைக் கப்பி. 20 கிலோ பழைய சைக்கிளுக்குக் கணக்குப்படி 10 கிலோ இழுவை போதும். கப்பி உராய்வையும் சேர்த்தால் 12, 13 கிலோ ஆகும். சைக்கிள் ஒரு அடி ஏற, கயிறு இரண்டு அடி இழுக்க வேண்டும். சுவர் 6 அடி தள்ளி இருந்தால் இரண்டுக்கும் சேர்த்து 75 அடிக் கயிறு வாங்குங்கள்.

கயிறு 8 மி.மீ. பின்னல் பாலியஸ்டராக இருக்கட்டும். நைலான் பாரத்தில் நீளும், ராத்திரி ஏற்றியது காலையில் தொய்ந்து நிற்கும்.

மேலே உள்ள இரண்டு பட்டைகளின் இடைவெளி, ஹேண்டில்பாருக்கும் சீட்டுக்கும் உள்ள தூரமேதான், சுமார் இரண்டேகால் அடி. அதைவிட அகலமாக வைத்தால் கொக்கிகள் விலகி நழுவும். கொக்கிக்குப் பழைய டியூபைச் சுற்றுங்கள். கம்பி பிரேக் சைக்கிளில் கொக்கி பிரேக் கம்பியில் விழாமல், ஹேண்டில்பாரின் நடுத்தண்டை ஒட்டி மாட்ட வேண்டும். கம்பி வளைந்தால் பிரேக் பிடிக்காது.

முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய பளபளப்புச் சுவரிலும் ஆணி வேண்டாம், விரிசல் விட்டால் அதே பூச்சைத் திரும்பக் கொண்டுவருவது கடினம். பக்கத்தில் தூண் இருந்தால் அதில் ஒரு பட்டை கட்டி, கயிறு சுற்றிக் கட்டும் இரும்புக் கொம்பு (cleat) பொருத்தி, இரண்டு கயிற்றையும் எட்டு போலச் சுற்றுங்கள். சைக்கிள் மட்டமாக நிற்கும்போது இரண்டிலும் ஒரே உயரத்தில் சிவப்பு நூல் கட்டிவிடுங்கள். அடுத்த தடவை நூல் இரண்டும் சேர்ந்து இறங்கினால் மட்டம் சரி.

சைக்கிளுக்கு முன் 25 கிலோ அரிசி மூட்டையை ஏற்றி அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள், பட்டையும் முடிச்சும் நழுவினால் அப்போதே தெரியும். ஏற்றியபின் ஃபிரேமிலிருந்து உத்தரத்துக்குத் தனியாக ஒரு சங்கிலி கட்டாயம். கீழே குழந்தைகள் ஓடும் இடம் அது. துடைத்துக் காயவைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டுத்தான் ஏற்ற வேண்டும். ஈரத்தோடு ஏற்றினால் மேலேயும் துருதான்.