உதவி லோகோ பைலட் சைக்கோ டெஸ்ட்: ஐந்தில் ஒன்று போனாலும் போச்சு

இரண்டாம் கட்டக் கணினித் தேர்வில் எவ்வளவு மார்க் வாங்கியிருந்தாலும் சரி, சைக்கோ டெஸ்ட் எனப்படும் சிபிஏடியில் (கணினிவழித் திறனறித் தேர்வு) தேறாமல் ரயில்வேயில் உதவி லோகோ பைலட், அதாவது ரயில் என்ஜின் உதவி ஓட்டுநர், ஆக முடியாது. நினைவாற்றல், சொன்னபடி செய்தல், ஆழம் உணர்தல், மனக்குவிப்பு, பார்த்தறியும் வேகம் என்று ஐந்து தேர்வுகள். ஒவ்வொன்றிலும் தனித்தனியாக 42 டி-ஸ்கோர் வேண்டும். நாலில் 70 வந்து ஒன்றில் 41 என்றால் வெளியேதான். எந்தப் பிரிவினருக்கும் தளர்வு கிடையாது.

டி-ஸ்கோர் என்பது சரியான விடைகளின் எண்ணிக்கை அல்ல. எல்லாருடைய மதிப்பெண்களின் சராசரியை 50, திட்டவிலக்கத்தை (சராசரியிலிருந்து மதிப்பெண்கள் சிதறும் அளவு) 10 என்று வைத்துப் போடும் கணக்கு. ஆக 42 என்பது சராசரிக்கும் கீழே. மேதையாக இருக்கத் தேவையில்லை. பலவீனமான தேர்வு எதுவென்று கண்டு அதிலேயே பயிற்சி எடுத்தால் போதும். நன்றாக வருவதையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது வெறும் மனத்திருப்திக்குத்தான்.

பலருக்கும் சறுக்குவது ஆழம் உணர்தல் தேர்வில் வரும் செங்கல் அடுக்குப் படம். குறித்த செங்கல்லை எத்தனை செங்கற்கள் தொடுகின்றன என்று கேட்பார்கள். கண்ணில் படுவதை மட்டும் எண்ணினால் பின்னால் மறைந்தவை விட்டுப்போகும். மேல், கீழ், இடம், வலம், முன், பின் என்று எப்போதும் ஒரே வரிசையில் எண்ணுங்கள். குறுக்கே கிடப்பது ஒரே பக்கத்தில் இரண்டு மூன்றைத் தொடலாம். எண்ணிக்கை குறைவது பெரும்பாலும் அங்கேதான்.

நினைவாற்றலில் வரைபடத்தில் கட்டடங்களைக் காட்டிவிட்டு, பிறகு எது எங்கே இருந்தது என்பார்கள். கட்டடத்தைத் தனியே மனப்பாடம் செய்யாமல் பக்கத்துத் தெருமுனையோடு சேர்த்துப் பதியுங்கள்.

கேள்விகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு இது சிக்கலாவது சொன்னபடி செய்யும் தேர்வில்; 'தவிர', 'இல்லாவிட்டால்' போன்ற நிபந்தனைகளுக்கான ஆங்கிலச் சொற்கள் பார்த்ததும் புரியுமளவு பழகியிருக்க வேண்டும். தவறான விடைக்கு மார்க் குறையாது, எதையும் காலியாக விடாதீர்கள்.

தேறியபின் தரவரிசையில் சிபிஏடிக்கு 30 சதவீதம், இரண்டாம் கட்டத்தின் ஏ பகுதிக்கு 70.

அறிவிப்பில் உள்ள படிவத்திலேயே கண் மருத்துவரிடம் வாங்கிய பார்வைச் சான்றின் அசல் கையில் இல்லையென்றால் தேர்வறைக்குள்ளேயே விடமாட்டார்கள். இந்த வேலைக்கான ஏ-1 மருத்துவத் தரத்தில் கண்ணாடி இல்லாமல் இரு கண்ணும் 6/6 இருக்க வேண்டும். லேசிக் எனும் லேசர் கண் அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு அதில் இடமில்லை. ஆகவே படிக்க உட்காரும் முன்பே கண்ணைக் காட்டிவிடுங்கள்.