டேட்டா சென்டர் கழித்ததும் நம்ம பிசியும்

டேட்டா சென்டரில் கழித்துப் போடும் குளிரூட்டும் சாமான்களை வாங்கி கேமிங் பிசிக்குப் போடலாமா? போடலாம், ஃபேன்களை மட்டும் விட்டுவிடுங்க. 40 மில்லிமீட்டர் சர்வர் ஃபேன்களில் பல நிமிடத்துக்கு 15,000 சுற்றைத் தாண்டும். அந்த அலறலோடு ஒரே அறையில் உட்கார முடியாது. வேகத்தைக் குறைத்தால் சத்தத்தோடு காற்றும் போய்விடும்.

சரக்கு இருப்பது தண்ணீர் ஓடும் பக்கம்தான். பெரிய தாமிர ரேடியேட்டர், குழாயைச் சொட்டு சிந்தாமல் கழற்றும் குவிக் கனெக்டர் கிடைத்தால் விடாதீங்க. ஆர்டிஎக்ஸ் 5090 கிராபிக்ஸ் கார்டு மட்டுமே 575 வாட் வரை இழுக்கும். பிராசசரும் சேர்ந்து 1,000 வாட் என்றே வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 1 லிட்டர் தண்ணீர் ஓடினால் அந்தச் சூடு அதைச் சுமார் 14 டிகிரி ஏற்றும். 4 லிட்டர் ஓடினால் 4 டிகிரிகூட ஏறாது. ஆக ராட்சச பம்ப் வீண். ரேடியேட்டரின் பரப்புதான் முக்கியம். பரப்பு பெரிதானால் ஃபேன் சோம்பேறியாகச் சுற்றினாலே போதும்.

சர்வர் கோல்ட் பிளேட் (cold plate, சிப் மேல் உட்கார்ந்து சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும் தகடு) நம் பிராசசர் சாக்கெட்டில் நேராக உட்காராது, பிராக்கெட் செய்யணும். எனக்கு அந்த மெனக்கெடல் தேவையில்லை என்றே தோன்றுகிறது; அதே வேலையைச் செய்யும் பிசி பிராசசர் பிளாக்கைப் புதிதாகவே வாங்கிடலாம்.

தாமிரத்தோடு அலுமினியத்தை ஒரே லூப்பில் (தண்ணீர் சுற்றும் பாதையில்) கலக்காதீங்க, அலுமினியம் அரித்துப்போகும். பழைய கூலன்ட்டை முழுக்கக் கழுவி, காற்றழுத்தம் ஏற்றி கசிவு பார்த்த பிறகே மதர்போர்டு பக்கம் கொண்டுவாங்க.